பந்து யாருடையது? – கால்பந்து மாட்ச்சில் பந்தைத் தேர்வு செய்வதும் காப்பதும்

– மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்



கால்பந்து ஆட என்னென்ன வேணும்? கிரவுண்ட் வேணும், இரண்டு கோல் போஸ்ட் வேணும், இருபத்திரண்டு பேர் வேணும், விசில் ஊத ஒரு ரெஃப்ரி வேணும். இதையெல்லாம் மாட்ச்சுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே யோசிக்கிறோம். பந்தை மட்டும், "அதான் ஸ்போர்ட்ஸ் ரூம்ல இருக்கே" என்று விட்டுவிடுகிறோம். பிறகு ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, "எங்க பந்துலதான் ஆடணும்" என்று ஒரு பக்கம், "அது கல்லு மாதிரி இருக்கு, தலையில வாங்கவே முடியாது" என்று இன்னொரு பக்கம் தகராறு கிளம்பும். தோற்ற அணி ஆட்டம் முடிந்த பிறகும் பந்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போகும்.

பெரிய போட்டிகளில் பந்தைப் பார்த்துக்கொள்ள அமைப்பு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். நம்மைப் போன்ற அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்கு இருப்பது ரெஃப்ரி ஒருவர்தான். அவரும் பல சமயம் நமக்குத் தெரிந்த சீனியராகவோ பி.டி. சாராகவோ இருப்பார். அவர் பந்தை எப்படிச் சோதிக்க வேண்டும், ஆட்டத்தின்போது எப்படிக் கையாள வேண்டும் என்பதை நாமும் தெரிந்துகொண்டால் பாதித் தகராறு குறையும். டிப்ளமோ படிக்கும் நமக்கு இதில் முதலாமாண்டு பிசிக்ஸும் கொஞ்சம் உதவும்.

உலகக் கோப்பையிலேயே நடந்த சண்டை

பந்துக்காகச் சண்டை போடுவது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1930-ல் நடந்த முதல் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்திலேயே இது நடந்தது. மாண்டிவிடியோ நகரில் உருகுவேயும் அர்ஜென்டினாவும் மோதின. இரு அணிகளும் தங்கள் பந்தில்தான் ஆட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தன. பெல்ஜியத்தைச் சேர்ந்த ரெஃப்ரி ஜான் லாங்கெனஸ் மேற்பார்வையில், முதல் பாதி அர்ஜென்டினாவின் பந்தில், இரண்டாம் பாதி உருகுவேயின் பந்தில் என்று முடிவாயிற்று. இடைவேளையின்போது அர்ஜென்டினா 2–1 என்று முன்னணியில் இருந்தது. பந்து மாறிய பிறகு உருகுவே மூன்று கோல் போட்டு 4–2 என்று ஜெயித்தது.

பந்து மாறியதால்தான் முடிவு மாறியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. மாறவில்லை என்றும் நிரூபிக்க முடியாது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. பந்து ஓர் அணியின் சொத்தாக மைதானத்துக்குள் வந்தால், முடிவின் மேல் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொள்கிறது. எந்த அணி கொண்டு வந்த பந்தானாலும், ரெஃப்ரி சோதித்துக் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து அது பொதுப் பந்து. ஆட்டம் முடியும் வரை அவர் பொறுப்பு. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகளெல்லாம் தானாக விளங்கும்.

விதி என்ன சொல்கிறது?

கால்பந்து விதிகள் மொத்தம் 17. அதில் இரண்டாவது விதி முழுக்கப் பந்தைப் பற்றியது. பெரியவர்கள் ஆடும் பந்து, அதாவது கடையில் 5-ஆம் சைஸ் என்று கேட்டு வாங்குகிறோமே அது, இப்படி இருக்க வேண்டும்:

1. உருண்டையாக இருக்க வேண்டும்.
2. தகுந்த பொருளால் செய்யப்பட்டிருக்க வேண்டும்.
3. சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. வரை.
4. எடை, ஆட்டம் தொடங்கும்போது, 410 முதல் 450 கிராம் வரை.
5. உள்ளிருக்கும் காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 அட்மாஸ்ஃபியர் வரை, அதாவது 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை.

நான்காவது வரியில் "ஆட்டம் தொடங்கும்போது" என்று இருப்பதைக் கவனியுங்கள். பழைய தோல் பந்து மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அதனால்தான் எடைக்கு இந்த நிபந்தனை. இன்றைய செயற்கைத் தோல் பந்து அவ்வளவு தண்ணீர் குடிக்காது. ஆனால் தையல் விட்ட பழைய பந்து இன்றும் குடிக்கும்.

இந்த அளவுகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 27 முதல் 28 அங்குலச் சுற்றளவு என்பது இங்கிலாந்தில் 1872-லேயே முடிவானது. எடையை 1937-ல் 14 முதல் 16 அவுன்ஸ் என்று கூட்டினார்கள். அந்த இரண்டு எண்களைக் கொஞ்சம் இறுக்கி மெட்ரிக்கில் சொன்னால் இன்று நாம் படிப்பது வந்துவிடும்.

பந்தை யார் கொண்டு வர வேண்டும் என்று விதிப் புத்தகம் சொல்லவில்லை. அதைப் போட்டி நடத்துபவர்கள் தங்கள் விதிமுறையில் எழுத வேண்டும். நம் போட்டி நோட்டீஸ்களில் நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகை எல்லாம் இருக்கும். இந்த ஒரு வரி மட்டும் இருக்காது. "ஒவ்வோர் அணியும் 5-ஆம் சைஸ் பந்து ஒன்று கொண்டு வர வேண்டும், எதில் ஆடுவது என்பதை ரெஃப்ரி முடிவு செய்வார்" என்று ஒரே ஒரு வரி போட்டால் போதும்.

முத்திரை பற்றி ஒரு வார்த்தை. சில பந்துகளில் ஃபிஃபா குவாலிட்டி புரோ, ஃபிஃபா குவாலிட்டி, ஃபிஃபா பேசிக் என்று அச்சிட்டிருக்கும். அந்த ரகப் பந்து பரிசோதனைக் கூடத்தில் தேறியது என்று அதற்குப் பொருள். ஃபிஃபாவும் கண்டக் கூட்டமைப்புகளும் நடத்தும் போட்டிகளில் இந்த முத்திரை கட்டாயம். நம் ஊர்ப் போட்டிகளில், நடத்துபவர்கள் கேட்டாலொழிய, கட்டாயம் இல்லை. முத்திரை இருந்தாலும் அந்தப் பந்தில் இன்றைக்குக் காற்று சரியாக இருக்கிறதா என்று முத்திரை சொல்லாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

0.6 அட்மாஸ்ஃபியர் என்றால் எத்தனை பி.எஸ்.ஐ.? "ஒரு அட்மாஸ்ஃபியர் 14.7 பி.எஸ்.ஐ., அப்போ 0.6 × 14.7 = 8.8" என்று நீங்கள் சட்டென்று சொல்வீர்கள். ஆனால் விதிப் புத்தகம் 8.5 என்கிறது. அச்சுப் பிழையா? இல்லை. விதிப் புத்தகம் இங்கே சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ விசை என்ற அளவையே ஒரு அட்மாஸ்ஃபியராக எடுத்துக்கொள்கிறது. அதே வரியில் சதுர செ.மீ.க்கு 600 முதல் 1100 கிராம் என்றும் கொடுத்திருக்கிறார்கள். சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ என்பது 14.2 பி.எஸ்.ஐ. இப்போது பெருக்கிப் பாருங்கள். 0.6-க்கு 8.5, 1.1-க்கு 15.6. சரியாக வருகிறது.

இன்னொன்று. இவையெல்லாம் கேஜ் காட்டும் அழுத்தம், அதாவது வெளிக் காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும் கணக்குக்கு இது தேவைப்படும்.

ஆட்டத்துக்கு முன்: பத்து நிமிட வேலை

ரெஃப்ரிக்கு வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான். ஊசி பொருத்திய ஒரு பிரஷர் கேஜ், ஒரு டேப், சமையலறைத் தராசு ஒன்று, கைப் பம்ப் ஒன்று, இரண்டு உதிரி ஊசி, ஒரு மார்க்கர் பேனா, ஒரு நோட்டு.

முதலில், இரு அணித் தலைவர்களையும் கூப்பிட்டு, இருக்கும் பந்துகளையெல்லாம் ஒரே இடத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். குறைந்தது மூன்று பந்து இருந்தால் நிம்மதி. ஒன்று ஆட, இரண்டு கைவசம். இது விதி இல்லை, அனுபவம் சொல்லும் எண்ணிக்கை.

இரண்டாவது, கண்ணாலும் கையாலும் பார்ப்பது. தையல் பிரிந்திருக்கிறதா, பேனல் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, வால்வு உள்ளே போயிருக்கிறதா, பிளாடர் ஓரிடத்தில் புடைத்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். பந்தைச் சுழற்றி மேலே போட்டால், கோணல் பந்து தள்ளாடுவது கண்ணுக்கே தெரியும்.

மூன்றாவது, காற்றழுத்தம். சுற்றளவையும் எடையையும் பார்ப்பதற்கு முன்பே இதைச் சரி செய்துவிட வேண்டும். காற்றுக் குறைந்த பந்தின் சுற்றளவும் குறைவாகவே காட்டும். ஊசியைக் காய்ந்தபடி குத்தினால் வால்வு கிழியும். ஒரு சொட்டு கிளிசரின் தடவுவது நல்லது. குறைந்தபட்சம் தண்ணீராவது தொட்டுக்கொள்ளுங்கள். கேஜைக் குத்தி எடுக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்று போகும். ஆகவே சும்மா சும்மா குத்திப் பார்க்கக் கூடாது.

எவ்வளவு காற்று? விதி 8.5 முதல் 15.6 வரை இடம் கொடுக்கிறது. இது ரொம்பப் பெரிய இடைவெளி. இந்த இரு முனைகளிலும் உள்ள பந்துகள் இரண்டும் சட்டப்படி சரி, ஆனால் காலுக்கு இரண்டும் வேறு வேறு பந்து. பெரும்பாலான பந்துகளில் வால்வுக்குப் பக்கத்தில் தயாரிப்பாளர் சொல்லும் அழுத்தம் அச்சிட்டிருக்கும். அந்த அளவிலேயே எல்லாப் பந்தையும் ஒன்றுபோல வைப்பது நல்லது. ஆடும் பந்து 9-லும் மாற்றுப் பந்து 14-லும் இருந்தால், பந்து மாறும் நிமிடத்தில் ஆட்டமே மாறிவிடும். கடினமான பந்து தலையில் மோதும் விசையும் கூடும். தலையால் ஆடுபவர்கள் நம் தோழர்கள்தானே!

நான்காவது, சுற்றளவு. ஒரே இடத்தில் மட்டும் அளக்காமல், மூன்று வெவ்வேறு திசைகளில் டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். மூன்றும் 68-க்கும் 70-க்கும் நடுவில், ஒன்றுக்கொன்று நெருக்கமாக வந்தால் பந்து உருண்டை. 64, 65 என்று வந்தால் அது 4-ஆம் சைஸ் பந்து, சிறுவர்களுக்கானது. சின்னப் பையன்களுக்கு, மூத்தவர்களுக்கு, மாற்றுத் திறனாளிகளுக்கு நடத்தும் போட்டிகளில் பந்தின் அளவையும் எடையையும் மாற்றிக்கொள்ளச் சங்கங்களுக்கு விதியே அனுமதி தருகிறது. ஆனால் அதைப் போட்டிக்கு முன்பே அறிவித்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, எடை. காற்று அடித்த பிறகே தராசில் வைக்க வேண்டும். "காற்றுக்கு என்ன எடை?" என்று கேட்கலாம். பந்துக்குள் ஏறக்குறைய ஐந்து லிட்டர் இடம் இருக்கிறது. 11 பி.எஸ்.ஐ. வரை காற்றடித்தால் நாம் கூடுதலாகத் திணிக்கும் காற்று சுமார் 5 கிராம் வரும். 408 காட்டும் பந்து 413 ஆகிவிடும்!

ஆறாவது, துள்ளல். இதற்கு விதியில் அளவு இல்லை. ஃபிஃபாவின் பரிசோதனைக் கூடத்தில் மட்டும், 2 மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல் பந்தைப் போட்டு, அது 125 முதல் 155 செ.மீ. வரை எழும்புகிறதா என்று பார்க்கிறார்கள். புரோ முத்திரைக்கு 135-லிருந்து. நமக்கு இரும்புத் தகடு வேண்டாம். சிமெண்ட் தரையில் ஆடும் பந்தையும் மாற்றுப் பந்தையும் ஒரே உயரத்திலிருந்து ஒன்றாகப் போட்டால் போதும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம் எழும்ப வேண்டும்.

கடைசியாக, தேர்வான பந்துகளில் மார்க்கரால் ஒரு சின்ன அடையாளம் போட்டு, அளவுகளை நோட்டில் எழுதி, இரு தலைவர்களிடமும் காட்டிவிட வேண்டும். அதன் பிறகு அந்தப் பந்துகள் எந்த அணியின் பெஞ்சிலும் இருக்கக் கூடாது. நடு மேஜையில், ரெஃப்ரி சொன்ன ஓர் ஆளிடம் இருக்க வேண்டும்.

எழுதி வைக்காததால் வந்த வினை

"நோட்டில் எழுதுவதெல்லாம் எதுக்குங்க, சின்ன மாட்ச்சுக்கு?" என்று நினைப்பவர்களுக்காக ஒரு பெரிய மாட்ச்சின் கதை. இது நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தை வைத்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அங்கே ஒவ்வொரு அணியும் தன் தாக்குதலுக்குத் தன் பந்துகளையே கொண்டு வரும். ரெஃப்ரி ஆட்டத்துக்கு முன் அழுத்தத்தைச் சோதிப்பார். 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. வரை இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழில்முறை லீக்கின் விதி.

2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்கும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டத்தில், இடைவேளையின்போது பேட்ரியட்ஸ் அணியின் 11 பந்துகளைச் சோதித்தார்கள். அத்தனையும் 12.5-க்குக் கீழே இருந்தன. காற்றை வேண்டுமென்றே இறக்கிவிட்டார்கள் என்று குற்றச்சாட்டு கிளம்பியது. அணிக்குப் பத்து லட்சம் டாலர் அபராதம். அதன் நட்சத்திர ஆட்டக்காரர் டாம் பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை. அந்தத் தடை கோர்ட் வரை போய், 2016-ல்தான் அமலானது.

இப்போது நம் பிசிக்ஸைப் போட்டுப் பாருங்கள். பந்தை உள்ளே, ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸில் அளந்தார்கள். வெளியே 9 டிகிரிக் குளிர். 12.5-உடன் வெளிக் காற்றின் 14.7-ஐக் கூட்டினால் 27.2. கே-லுசாக் விதிப்படி இதை 282-ஆல் பெருக்கி 293-ஆல் வகுத்தால் 26.2. திரும்ப 14.7-ஐக் கழித்தால் 11.5. யாரும் தொடாமலேயே ஒரு பி.எஸ்.ஐ. போய்விடுகிறது! எனவே பந்தில் கை வைத்தார்களா, குளிர் மட்டும்தான் காரணமா என்பதை அறிய ஆட்டத்துக்கு முந்தைய அளவு துல்லியமாகத் தெரிய வேண்டும். அதை ரெஃப்ரி எழுதி வைக்கவே இல்லை. போதாக்குறைக்கு அவரிடம் இருந்த இரண்டு கேஜ்களும் ஒன்றுக்கொன்று 0.3 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் காட்டின. எதை வைத்து அளந்தார் என்பதிலும் பிறகு சர்ச்சை. ஒரு வரி எழுதியிருந்தால் பல மாத வழக்கு பாதியாகக் குறைந்திருக்கும்.

ஆகவே நமக்கான பாடம் மூன்று. ஒரே கேஜால் அள. அளந்ததை எழுது. மறுபடி அளந்தால் அதே கேஜால் அள.

நம்ம ஊர் வெயிலும் ஊட்டி மலையும்

அமெரிக்காவில் குளிர் செய்த வேலையை நம் ஊரில் வெயில் தலைகீழாகச் செய்யும். ஸ்போர்ட்ஸ் ரூமில் 27 டிகிரியில் 14.5 பி.எஸ்.ஐ.க்குக் காற்றடித்த பந்தை மதிய வெயிலில் கோடு ஓரம் போட்டுவிடுகிறோம் என்று வையுங்கள். உள்ளிருக்கும் காற்று 47 டிகிரிக்குச் சூடானால்? 14.5 + 14.7 = 29.2. இதை 320-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 31.1. கேஜ் அளவு 16.4. உச்ச வரம்பு 15.6. சரியாக இருந்த பந்து வெயிலிலேயே விதியை மீறிவிட்டது. பந்தின் உறை கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனால் போக்கு இதுதான். எனவே பந்தை மைதானத்திலேயே, நிழலில் கொஞ்ச நேரம் வைத்திருந்து அளப்பது நல்லது. மாற்றுப் பந்துகளையும் நிழலிலேயே வைக்க வேண்டும்.

விதிப் புத்தகம் அழுத்தத்தைச் சொல்லும்போது "கடல் மட்டத்தில்" என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறது. அது ஏன் என்பதற்கு நம்ம ஊட்டியே உதாரணம். சென்னையில் 10 பி.எஸ்.ஐ. அடித்த பந்தைப் பஸ்ஸில் ஊட்டிக்குக் கொண்டு போகிறோம். சுமார் 2240 மீட்டர் உயரத்தில் வெளிக் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 11.2 பி.எஸ்.ஐ.தான். உள்ளே மொத்தம் 24.7 அப்படியே இருந்தால் கேஜ் 13.5 காட்டும். ஆனால் 30 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்குக் குளிர்வதால் 24.7 என்பது 23.5 ஆகக் குறையும். கேஜ் 12.3 காட்டும். ஏற்றியது மலை, கொஞ்சம் இறக்கியது குளிர்! மலை ஏறிப் போகும் அணிகள் அங்கே போய்த்தான் காற்றைச் சரி செய்ய வேண்டும்.

ஆட்டம் நடக்கும்போது

ஆட்டம் தொடங்கிவிட்டால் ரெஃப்ரியின் அனுமதி இல்லாமல் பந்தை மாற்றவே கூடாது. காம்பவுண்டைத் தாண்டிப் போன பந்துக்குப் பதிலாக யாரோ ஒரு பையன் தன் பந்தைத் தூக்கிப் போட்டால், அதில் த்ரோ எடுத்துவிடக் கூடாது. மைதானத்தைச் சுற்றிக் கூடுதல் பந்துகளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவையும் இரண்டாவது விதிப்படி சோதித்தவையாக, ரெஃப்ரியின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

பந்து வெடித்தால் அல்லது கெட்டுப்போனால் என்ன செய்வது? இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் 1946-லும் 1947-லும், அடுத்தடுத்து இரண்டு ஆண்டு, பந்து வெடித்திருக்கிறது. ஆகவே இது நடக்காத காரியம் இல்லை. விதி இப்படி:

அ. பந்து ஆட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது கெட்டுப்போனால், ஆட்டத்தை நிறுத்தி, வேறு பந்தை எடுத்து, டிராப் பால் முறையில் தொடங்க வேண்டும்.

ஆ. கிக்-ஆஃப், கோல் கிக், கார்னர், ஃப்ரீ கிக், பெனால்டி, த்ரோ-இன் ஆகியவற்றை எடுக்கும்போது கெட்டுப்போனால், அதையே மறுபடி எடுக்க வேண்டும்.

இ. பெனால்டி அடித்து, பந்து முன்னோக்கிப் போகும்போது, யாரையும் தொடாமல், கம்பத்தையோ குறுக்குச் சட்டத்தையோ தொடாமல் கெட்டுப்போனால், பெனால்டியை மறுபடி எடுக்க வேண்டும்.

டிராப் பால் என்றதும் பழைய ஞாபகத்தில் இரண்டு அணி ஆட்டக்காரர்களும் எதிரெதிரே காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். 2019-லிருந்து அந்த முறை கிடையாது. ஒரே அணியைச் சேர்ந்த ஒருவருக்குத்தான் ரெஃப்ரி பந்தைப் போடுவார். மற்ற எல்லோரும், இரு அணியினரும், 4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆட்டம் நின்றபோது பந்து பெனால்டி ஏரியாவுக்குள் இருந்தால், தடுக்கும் அணியின் கோல் கீப்பருக்கே பந்து. இதைத் தெரியாமல் ரெஃப்ரியிடம் போய்ச் சண்டை போடுபவர்கள் இன்றும் உண்டு!

அடுத்தது, வேண்டாத பந்து. நம் மைதானங்களில் ஒரே நேரத்தில் நாலு ஆட்டம் நடக்கும். பக்கத்து கிரிக்கெட் பந்து உருண்டு வரும், இன்னொரு கால்பந்து வந்து விழும். ஆட்டத்துக்கு இடைஞ்சல் செய்தால் மட்டுமே ரெஃப்ரி நிறுத்த வேண்டும். ஓரமாகக் கிடந்தால் ஆட்டம் தொடரலாம். 2009 அக்டோபரில் இங்கிலாந்தில் சண்டர்லாந்துக்கும் லிவர்பூலுக்கும் நடந்த ஆட்டத்தில், கூட்டத்திலிருந்து வந்து விழுந்த ஒரு பலூன் பந்தின் மேல் பட்டு டேரன் பென்ட் அடித்த பந்து திசை மாறிக் கோலுக்குள் போனது. ரெஃப்ரி கோல் கொடுத்துவிட்டார். அன்றைய விதிப்படி ஆட்டத்தை நிறுத்தி டிராப் பால் கொடுத்திருக்க வேண்டும். அந்த ஒரே கோலில் சண்டர்லாந்து ஜெயித்தது. கோட்டுக்குள் வேண்டாத பந்து கிடந்தால், ஆட்டம் நிற்கும் முதல் சந்தர்ப்பத்திலேயே எடுத்து வெளியே போடச் சொல்வது ரெஃப்ரியின் வேலை. சொல்லாமலே எடுத்துப் போடுவது நம் வேலை.

விடை சொல்லுங்கள் பார்ப்போம்

1. பெனால்டி அடிக்கிறார்கள். பந்து நடுவழியில் வெடித்து, வெறும் தோல் உருண்டு கோலுக்குள் போகிறது. கோலா?
விடை: கோல் இல்லை. புதுப் பந்தில் பெனால்டி மறுபடி.

2. ஆட்ட நேரத்தில் அடித்த பெனால்டி கம்பத்தில் பட்டு, பட்ட பிறகு வெடித்து உள்ளே போகிறது. கோலா?
விடை: கோல் இல்லை. ஆனால் பெனால்டியும் மறுபடி கிடையாது. டிராப் பால்.

3. இடைவேளையில் தோற்கும் அணித் தலைவர், "சார், ரெண்டாவது பாதி எங்க பந்துல ஆடலாம் சார்" என்கிறார். என்ன செய்வது?
விடை: முடிவு ரெஃப்ரியுடையது. ஆடும் பந்து நன்றாக இருந்தால் மாற்றத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் அதே கேஜால் அளந்து நோட்டைக் காட்டினால் பேச்சு முடிந்தது.

4. கார்னர் அடித்த அடியிலேயே பந்தின் தையல் பிரிந்துவிட்டது. எப்படித் தொடங்குவது?
விடை: வேறு பந்தில் கார்னர் மறுபடி.

ஆட்டம் முடிந்த பிறகு

கடைசி விசிலோடு பந்தின் கதை முடிந்துவிடுவதில்லை. ரெஃப்ரி பந்துகளை எண்ணி, கொண்டு வந்தவர்களிடமே திருப்பித் தர வேண்டும். தையல் விட்ட பந்து இருந்தால் அன்றே சொல்ல வேண்டும். மண்ணையும் சேற்றையும் ஈரத் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் காற்றை இறக்கி வைத்தால் தையல் நாளாவட்டத்தில் நிற்கும். லேடெக்ஸ் பிளாடர் உள்ள பந்தில் காற்று சீக்கிரம் இறங்கும். பியூட்டைல் பிளாடரில் நாள்கணக்கில் நிற்கும். எனவே போன வாரம் காற்றடித்தோமே என்று நம்பிவிடக் கூடாது. பந்தின் மேல் ஏறி உட்காருவது என்ற நம் வழக்கத்தையும் விட்டுவிடலாம். உருண்டை கெடுவது அதனாலும்தான்.

நண்பர்களே! கேஜ் ஒன்று, டேப் ஒன்று, நோட்டு ஒன்று. நம் யூனியன் நிதியில் இவை பெரிய செலவு இல்லை. அடுத்த ஆண்டுப் போட்டிகளுக்கு நோட்டீஸ் அடிக்கும்போது பந்து பற்றிய அந்த ஒரு வரியைச் சேருங்கள். ஸ்போர்ட்ஸ் ரூம் பீரோவில் பந்துக்கென்று ஒரு நோட்டைப் போடுங்கள். தேதி, கேஜ் அளவு, சுற்றளவு, எடை, இரு தலைவர்கள் கையெழுத்து என்று ஐந்து கட்டம் போதும். தோற்பவர்கள் அடுத்த முறை எப்படி ஜெயிப்பது என்று பேசிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும். பந்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது.